வெளியாள்

பரணிதரன் மூன்றாவது முறையாக உள்ளங்கையைப் பணம் கட்டும் தட்டின் மேல் வைத்தார். விளக்கு மறுபடியும் சிவந்தது. தட்டின் விளிம்பில் ஒற்றைச் சொல் ஓடியது: வெளியாள்.

"கையில எண்ணெய் இருக்கும் ஐயா. தொடச்சிட்டு வைங்க," என்றாள் சாலையோர ஒட்டுக்கடைக்காரி தனேஸ்வரி.

"ரெண்டு தடவை தொடச்சுட்டேம்மா."

பினாங்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து ஐஸ் கச்சாங் என்ற பனித்துருவல் இனிப்பின் கிண்ண அடியை வழித்துக்கொண்டிருந்த வினோதினி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். மஞ்சளில் கை அகலச் செம்பருத்திப் பூக்கள் போட்ட சட்டை. நேற்று அவரே பிடிவாதமாக வாங்கியது.

"உங்க சட்டையைப் பாத்து மிரண்டிருச்சுங்க," என்று சிரித்தபடி தன் கையை வைத்தாள். பச்சை எரிந்தது. கணக்கு தீர்ந்தது.

பரணிதரன் சிரிக்கவில்லை. ஈரோட்டில் முப்பத்தாறு வருடம் ரயில்வே சிக்னல் ஆய்வாளராக இருந்தவர். சிவப்பு விளக்கு காரணமில்லாமல் எரியாது என்பது அவருக்குத் தெரியும்.

பணம் கட்டும் அட்டைகள் ஒழிந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் உள்ளங்கைத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு தோலட்டை. அதனுள் இருக்கும் உள்ளெண் 'நான் இன்னார்' என்று சொல்லும். ஆனால் எண்ணைத் திருடலாம். கைரேகையை வார்த்தெடுக்கலாம். முகத்தையும் குரலையும் செய்து காட்ட ஐந்து நிமிடம் போதும். அதனால் வங்கிகள் கடைசியில் ஒன்றை மட்டும் நம்பின. ஒரு மனிதன் எத்தனை மணிக்கு எழுகிறான், எந்தக் கடையில் என்ன வாங்குகிறான், எங்கே நின்று யோசிக்கிறான், எதை விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறான் என்பதை வருடக்கணக்கில் பார்த்துப் படித்து வைத்திருக்கும் செயற்கை அறிவி ஒன்று ஒவ்வொருவருக்கும் இருந்தது. அதன் பெயர் இயல்பி. தோலட்டை சொல்வது உண்மையா என்று இயல்பிதான் தீர்ப்புச் சொல்லும். ஒத்துப்போனால் உரியவர். போகாவிட்டால் வெளியாள். வாழும் விதத்தை யாராலும் திருட முடியாது என்று விளம்பரங்கள் சொல்லின. பரணிதரனும் அதை முழுதாக நம்பியவர்.

காதிலிருந்த பேசியைத் தொட்டு வங்கியை அழைத்தார். இயல்பியின் குரல் இனிமையாக வந்தது.

"வணக்கம். நீங்கள் திரு. பரணிதரனின் உள்ளெண்ணைப் பயன்படுத்த முயன்ற வெளியாள் என்று அறிகிறேன். உங்கள் குரல் பதிவாகிறது."

"நான்தாங்க பரணிதரன். பினாங்குக்குச் சுத்திப் பார்க்க வந்திருக்கறேன்."

"திரு. பரணிதரன் ஈரோட்டில் இருக்கிறார். பன்னிரண்டு நிமிடங்களுக்கு முன் மேட்டூர் சாலைப் பால் நிலையத்தில் கால் லிட்டர் தயிர் வாங்கினார்."

பரணிதரன் மனைவியின் பக்கம் நாற்காலியை இழுத்தார். பேசியை வெளியே கேட்கும்படி வைத்தார்.

"காலை ஐந்து பத்துக்கு நடக்கப் போனார்," என்று குரல் தொடர்ந்தது. "ஆறு இருபதுக்கு இரண்டு தேன் வாழைப்பழம் வாங்கினார். ஒன்பது மணிக்கு நூலகம் சென்றார். வீட்டுக் கதவு அவரது வழக்கமான நேரங்களில் திறந்து மூடுகிறது. ஒப்புமை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

வினோதினியின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.

"நம்ம வீட்டுக் கதவா?" என்றாள்.

அந்தக் கதவும் அதே தோலட்டைக்கும் இயல்பிக்கும்தான் திறக்கும். அவர்கள் புறப்பட்டு வந்து மூன்று நாள். யாரோ ஒருவன் மூன்று நாளாக அவர்கள் வீட்டில் பரணிதரனாகக் குடியிருக்கிறான்.

எதிர்வீட்டு சுகுணாவை அழைத்தார்கள். அவள் முதலில் சிரித்தாள்.

"ஏக்கா, நீங்க போகலைன்னுல்ல நெனச்சேன். அண்ணன் தெனமும் நடக்கப் போறாரே. காலைல பனியில மப்ளர் கட்டிட்டுத்தான் போறாரு. நான் வணக்கம் சொன்னேன், எப்பவும் போல தலையை மட்டும் ஆட்டுனாரு."

"சுகுணா, அண்ணன் இங்க என் பக்கத்துல உக்காந்திருக்காரு."

மறுமுனையில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அது யாருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

சுகுணா போலீசைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் இருந்த தட்டு, உரியவர் உள்ளே இருக்கிறார் என்று காட்டியது. அப்படிக் காட்டும் வீட்டுக்குள் அவர் அனுமதியில்லாமல் நுழைய சட்டத்தில் இடமில்லை. மணியை அழுத்தினார்கள். உள்ளேயிருந்து "ஒண்ணுமில்லீங்க" என்று ஒரு குரல் வந்ததாம். போலீஸ்காரர்கள் சுகுணாவைத்தான் கண்டித்துவிட்டுப் போனார்கள்.

வினோதினிக்குப் பயம் கோபமாக மாறியதும் தானே வங்கியை அழைத்தாள்.

"இத பாருங்க, நான் அவரோட சம்சாரம். முப்பத்திரண்டு வருஷமா அவரோட குடும்பம் நடத்தறேன். எம்பக்கத்துல இருக்கறவருதான் நிஜம். அங்க இருக்கறவன் திருடன்."

"திருமதி. வினோதினி, உங்கள் குரலில் மிகுந்த பதற்றம் தெரிகிறது. உங்கள் பக்கத்தில் இருக்கும் நபர் உங்களை மிரட்டிப் பேச வைக்கிறாரா?"

"என்னது?"

"பேச முடியாவிட்டால் இரண்டு முறை இருமுங்கள். உதவி அனுப்புகிறேன்."

ஆத்திரத்தில் அவளுக்குப் புரையேறியது. இருமினாள். ஒரு முறையல்ல, நாலைந்து முறை.

"புரிந்துகொண்டேன்," என்றது குரல், பரிவாக. "உங்கள் பணம் பறிபோகாமல் இருக்க உங்கள் தோலட்டையை நிறுத்தி வைக்கிறேன். தைரியமாக இருங்கள்."

அன்று மாலைக்குள் விடுதிக்காரர்கள் அவர்களின் இரண்டு பெட்டிகளையும் வரவேற்பறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அறைக்கதவு ஒவ்வொரு நாளும் உள்ளங்கை கேட்கும். இரண்டு பேர் கைக்கும் சிவப்பு. ஊருக்குத் திரும்பும் விமானச்சீட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

தெரிந்த முகம் என்று அந்தத் தீவில் ஒருத்திதான். பெட்டிகளை இழுத்துக்கொண்டு தனேஸ்வரியின் கடைக்கே போனார்கள். அவள் கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டதும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கானா? ஐயோ, கேக்கறப்பவே மயிர் சிலுக்குதே லா." பிறகு பெட்டிகளைப் பார்த்தாள். "கடைக்கு மேல ஒரு ரூம்பு காலியா கெடக்கு. காத்தாடி சத்தம் போடும், பரவால்லியா? முதல்ல பசியாறுங்க."

அடுத்த நாள் காலை வங்கியில் ஒரு மனிதன் கிடைத்தான். பிணக்குத் தீர்வு அலுவலர் நிரஞ்சன். திரையில் தெரிந்த முகத்துக்கு முப்பது வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள்.

"சார், உங்க உள்ளெண் எங்கியோ ஒரு போலித் தட்டுல நகலாயிருக்கு. இப்ப ஒரே எண்ணுக்கு ரெண்டு பேர். இயல்பி ரெண்டையும் எடைபோட்டிருக்கு."

"நான் விமானத்துல வந்திருக்கறேன். கடவுச்சீட்டு இருக்குது."

"சீட்டு வாங்குனது உங்க மனைவி கணக்குல. உங்க கணக்கைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஊரை விட்டே கிளம்பலை. கடவுச்சீட்டு முகத்தைப் பாத்து விடறது சார். முகம்லாம் இப்ப சாட்சியே இல்லை." நிரஞ்சன் கீழே எதையோ படித்தான். "உங்க வயசுக்கும் வழக்கத்துக்கும் இதுவரைக்கும் பூப்போட்ட சட்டை வாங்குனதில்லை. காலை பத்து மணிக்கு மேல எழுந்ததில்லை. பினாங்கு மலை ரயில்ல ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏறியிருக்கீங்க, காரணமே இல்லாம. நூடுல்ஸ், ஐஸ், வறுத்த இறால்... ஒப்புமை முப்பத்தொண்ணுதான் வருது."

"சுத்திப் பாக்க வந்த எடத்துல எப்படிங்க வழக்கம் போல இருக்க முடியும்?"

"அது எனக்குப் புரியுது சார். அதுக்குப் புரியணுமே." தயங்கிவிட்டுச் சொன்னான். "ஒண்ணு பண்ணலாம். இருக்கற ரெண்டு நாளும் கூடுமானவரைக்கும் நீங்களா இருங்க. உங்க பேசி உங்ககிட்டதானே இருக்கு, நடமாட்டம் பதிவாகும். எண் ஏறினா நான் மேல பேசிப் பாக்கறேன்."

பரணிதரன் செம்பருத்திச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிற அரைக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு எழுந்தார். ஐந்து பத்துக்கு வெளியே போய், கடற்கரைப் பக்கம் திரும்பாமல், கட்டிடங்களுக்கு நடுவே அளந்து மூன்று கிலோமீட்டர் நடந்தார். இரண்டு வாழைப்பழம். தனேஸ்வரி சுடச்சுட ரொட்டியும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தபோது தயிர்ச்சோறு கேட்டார். ஒன்பது மணிக்கு ஒரு நூலகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, படிக்கத் தெரியாத மலாய்ப் பத்திரிகைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். வினோதினி ஏதாவது பேசினால் "ம்" என்றார். மூன்று முறை பேசினால் ஒரு முறை "பாக்கலாம்" என்றார்.

மாலையில் எண் நாற்பத்தாறு.

"ஏறுது வினோ," என்றார். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. அன்று சாயங்காலம் மாடியறையில் வினோதினி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவர் பதறிப்போனார்.

"எதுக்கு அழுகறே? இன்னும் கொஞ்சம் ஏறுனா..."

"போதுங்க," என்றாள். "நாலு நாளு ஒரு ஆளோட இருந்தேன். மலை ரயில்ல எங்கையைப் பிடிச்சுட்டு ஜன்னல் வழியாத் தலைய நீட்டிக் கத்துனாரே, அந்த ஆளு. இத்தனை வருஷத்துல நான் அவரப் பாத்ததே இல்லை. இப்ப ரெண்டு நாளாப் பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு. நீங்க ஒவ்வொரு மார்க்கா வாங்க வாங்க அந்த ஆளு தூரமாப் போயிட்டே இருக்காரு."

பரணிதரன் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் இருப்பதும் தன் வழக்கத்தில்தான் சேரும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணமே அவரைத் தூக்கிவாரிப்போட்டது.

புறப்படும் நாளில் தனேஸ்வரி ஒரு டப்பா நிறைய வறுத்த நெத்திலி கட்டிக் கொடுத்தாள். வாடகை என்று ஆரம்பித்தவரைக் கையமர்த்தினாள். "கதவு தொறந்திச்சுனா ஒரு போன் போடுங்க. அது போதும்."

ஈரோட்டில் பிற்பகல் மூன்று மணி. விமான நிலையத்திலிருந்து சுகுணாவின் மகள்தான் வண்டியில் அழைத்து வந்தாள். பரணிதரன் தன் வீட்டு வாசலில் நின்று உள்ளங்கையை வைத்தார். சிவப்பு. இருபது வருடம் முன்பு தானே மரம் தேர்ந்தெடுத்துச் செய்த கதவு. மணியை அழுத்தினார். சொந்த வீட்டின் மணி வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தார்.

கதவு திறந்தது.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். மெலிந்த உடம்பு. பரணிதரனின் கட்டம் போட்ட லுங்கி, பரணிதரனின் பனியன். கையில் பரணிதரனின் எவர்சில்வர் டம்ளர். கண்கள் குழி விழுந்திருந்தன.

எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்த சுகுணா கத்தினாள். வினோதினி கையிலிருந்த நெத்திலி டப்பாவை ஓங்கிவிட்டாள். ஆனால் அவன் ஓடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய சுமை இறங்கியவன் போல மூச்சு விட்டான்.

"வந்துட்டீங்களா சார்," என்றான். "இன்னும் ரெண்டு நாளு ஆயிருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்."

அவன் பெயர் லோகேஷ். வந்து உட்கார்ந்ததும் அவனே சொல்லத் தொடங்கினான், போலீசுக்குச் சொல்லியனுப்பியிருப்பதைப் பற்றிக் கவலையே படாமல்.

"நான் திருடலை சார். வாங்குனேன். கள்ளச் சந்தையில உள்ளெண்ணோட இயல்புப்படியும் சேத்து விக்கறானுங்க. பத்து வருஷமா நீங்க என்னென்ன பண்ணுனீங்கன்னு மணிவாரியாப் பட்டியல். ஆளு ஊர்ல இல்லை, வீடும் சேத்துக் கிடைக்கும்னான். இருந்ததை எல்லாம் வித்து வாங்குனேன். மொத நாளே ஒரு பைக் எடுக்கலாம்னு போனேன். செகப்பு. துணிக்கடை, செகப்பு. சரி, ஒரு பிரியாணியாவது சாப்பிடலாம்னு உக்காந்தா, அதுவும் செகப்பு சார். எச்சக்கையோட ஓடி வந்தேன்."

"நான் அந்த மாதிரி வெளிய சாப்பிடறதில்லை," என்றார் பரணிதரன். திருடனிடம் ஏன் விளக்கம் சொல்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

"அதான் பாத்தனே. பட்டியல்ல இருக்கறத மட்டும்தான் வாங்க முடியுது. தயிரு, ரெண்டு பழம், பேப்பரு. காலைல நாலே முக்காலுக்கு எந்திரிக்கலைன்னா கதவு தொறக்காது. நூலகத்துல ரெண்டு மணி நேரம் உக்காரலைன்னா மதியம் தயிரு குடுக்காது. புதன்கிழமை நாலு மணிக்கு மருந்துக்கடையில தலைவலி மாத்திரை ரெண்டு. பத்து வருஷமா வாங்கியிருக்கீங்க. வாங்கிட்டு வந்து டிராயரைத் தொறந்தேன். பிரிக்காம ஆயிரத்துக்கு மேல கெடக்குது. எதுக்கு சார்?"

வினோதினி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவளுக்கு அந்த டிராயரைப் பற்றித் தெரியாது.

"அப்ப ஒரு வாரம் தலைவலி வந்துச்சு," என்றார் பரணிதரன் மெல்ல. "அப்புறம் வாங்கிப் பழக்கம் ஆயிருச்சு."

லோகேஷ் தலையாட்டினான். உள்ளங்கையிலிருந்து மெல்லிய தோல்போன்ற ஒன்றை உரித்தெடுத்து மேசைமேல் வைத்தான். "நான் ஜெயில்ல இருந்திருக்கேன் சார். அங்க ஞாயித்துக்கிழமை முட்டை உண்டு."

போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது. ஆனால் கதவு உடைக்கப்படவில்லை, தானாகத் திறந்திருக்கிறது. இயல்பியின் தீர்ப்பு மாறும்வரை எந்தக் குற்றமும் எழுத முடியாது என்றார் காவல் ஆய்வாளரம்மா, சங்கடத்துடன். வியாழக்கிழமை காலை வங்கியில் நேர்நிறுத்தம். எண்ணுக்கு உரிமை கோரும் இருவரையும் தனித்தனியே கேள்வி கேட்டு, இயல்பி இறுதியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை அது.

நிரஞ்சன் நேரில் இன்னும் களைத்துத் தெரிந்தான். வங்கியின் முதல் மாடியில் ஒரு சிறிய அறை. பரணிதரனும் வினோதினியும் அருகருகே உட்கார்ந்தார்கள். எதிரே திரை. வெளியே வராந்தாவில் ஒரு காவலருக்குப் பக்கத்தில் லோகேஷ் உட்கார்ந்திருந்தான்; அவனை முதலிலேயே விசாரித்து முடித்துவிட்டார்கள்.

"சார், நல்ல சேதிதான்," என்றான் நிரஞ்சன். "இயல்பி விசாரணையை முடிக்கத் தயாரா இருக்கு. நீங்க ஒரு புகார்ல சம்மதம் சொல்லிட்டாப் போதும். உங்க கணக்கு, பென்ஷன், வீடு எல்லாம் அஞ்சு நிமிஷத்துல திரும்பிடும்."

"அந்தப் பையன் மேல புகாரா? சரி, தர்றேன். பாவமாத்தான் இருக்குது."

நிரஞ்சன் தொண்டையைச் செருமினான். "அவர் மேல இல்லை சார். ஈரோட்டுல நடந்ததுல மோசடின்னு ஒண்ணுமே பதிவாகலை. வாங்கினது எல்லாம் நீங்க வாங்கறது. போனது எல்லாம் நீங்க போற இடம். இயல்பி கணக்குப்படி மோசடி நடந்தது பினாங்குல."

திரையில் ஒரு படம் வந்தது. மலை ரயில் நிலையத்துக் கண்காணிப்புப் படம். மஞ்சள் செம்பருத்திச் சட்டை போட்ட ஒருவர், தலை கலைந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் கண்ணில் நீர் கோத்திருந்தது.

இயல்பியின் குரல் கேட்டது. "படத்தில் இருப்பவர் திரு. பரணிதரனின் உள்ளெண்ணை ஆறு நாட்கள் வைத்திருந்த போலி நபர். உடனிருக்கும் பெண்ணை மிரட்டப்பட்டவர் என்று முதலில் குறித்திருந்தேன். அவர் சிரிப்பதால் உடந்தை என்று திருத்தியிருக்கிறேன். இவர்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க சார்," என்று நிரஞ்சன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "யாரையும் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க. தேடுவாங்க, கிடைக்க மாட்டாங்க, கோப்பை மூடிடுவாங்க. என்ன, இனிமே அந்த மாதிரி வெளியூர் போனீங்கன்னா திரும்பவும் செகப்பு விழும். அம்மாவுக்கும் அப்படித்தான். வீட்டோட இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை."

பரணிதரன் படத்தையே பார்த்தார். உண்மையில் முதல் கணம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதரின் பல்வரிசையில் இடது பக்கம் ஒன்று இல்லை. தன் வாயில் அந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வினோதினி கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். முப்பத்திரண்டு வருடமாக அவர் "ம்" என்பதற்காகக் காத்திருந்து பழகியவள்.

"தெரியும்," என்றார் பரணிதரன்.

நிரஞ்சன் நாற்காலியில் முன்னே வந்தான். "சார், யோசிச்சு..."

"அவ என் சம்சாரம். பக்கத்துல நிக்கறது நான். சத்தமாவே சொல்றேன், பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க. அந்த ஆறு நாள்ல நாலு நாளு நான் அங்கதான் இருந்தேன். மிச்ச ரெண்டு நாளுதான் போலி."

திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு சிவந்தது.

"விடை ஒத்துப்போகவில்லை," என்றது குரல். "இதே கேள்விக்கு மற்றவர் தெரியாது என்று பதில் சொன்னார். அவரே உரியவர். விசாரணை முடிந்தது. நன்றி."

வராந்தாவில் ஓர் அலறல் கேட்டது. காவலர் விலங்கை அவிழ்க்கப் போக, லோகேஷ் அவர் கையைத் தள்ளிவிட்டு அறைக்குள் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சார், என்னை விடுதலைங்கறாங்க! வீட்டுக்குப் போகச் சொல்றாங்க! மொகத்துல எழுதி ஒட்டுன மாதிரி என்னைய உங்க பேருல பதிஞ்சிட்டாங்களாம். வேற பேருல ஒரு டீ வாங்க முடியாதுங்கறாங்க."

"நீ ஏம்ப்பா தெரியாதுன்னு சொன்னே?" என்றாள் வினோதினி.

"நிஜமாவே தெரியலைங்கக்கா! சிரிச்சுட்டிருக்கற படத்தக் காட்டுனாங்க. சாருன்னு எப்படிங்க தெரியும்?"

மணி ஒன்பதாகப் போவதை லோகேஷ் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தான். மதியத் தயிருக்கு அவன் இப்போது நூலகத்தில் இருக்க வேண்டும். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனான்.

நிரஞ்சன் முகத்தை இரண்டு கைகளாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். அது காகிதம். யாரும் பயன்படுத்தாததால் ஓரம் பழுத்திருந்தது.

"மேல்முறையீடு இருக்கு சார். வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் உங்களைப் புது ஆளாப் பதியலாம். பழக்கம் எதுவும் இல்லாத வெறும் கணக்கு. இனிமே நீங்க என்ன பண்றீங்களோ அதுதான் உங்க இயல்பு."

பேனாவின் மூடியைத் திறந்தான்.

"பரணிதரன்ங்கற பேர்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். வேற பேர் சொல்லுங்க."

பரணிதரன் வாயைத் திறந்தார். அறுபது வயதில் அப்படி ஒரு கேள்விக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். வினோதினியும், அவரை முதல் முறையாகப் பார்ப்பவள் போல, பதிலுக்குக் காத்திருந்தாள்.